கைவேலை கேள்வி–பதில்: கூடை ஏன் சாய்கிறது, ஜிமிக்கி ஏன் வெடிக்கிறது?

மழை விட்டபாடில்லை. இந்த முறை வந்த கேள்விகளிலும் ஈர வாடைதான். முதல் கேள்வி மட்டும் விதிவிலக்கு. அது வெறும் கணக்குப் பிசகு.

வயர் கூடை பின்னும்போது, பக்கச்சுவர் பாதி ஏறியதுமே சில வயர்கள் எட்டாமல் போய்விட்டன. எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்குத்தான் வெட்டினேன். முன்பு முடித்த கூடையோ ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. எங்கே தப்பு?
– வாசகி, விருதுநகர்

ஒரே நீளத்துக்கு வெட்டியதுதான் தப்பு. நீள்சதுர அடியில் குறுக்கே ஓடும் வயர் குறைந்த முடிச்சுகளைக் கடந்து மேலே ஏறுகிறது. நெடுக்கே ஓடும் வயர் அடியிலேயே அதிகம் செலவாகிவிடும். உங்களுக்கு எட்டாமல் போனவை அநேகமாகக் கூடையின் இரண்டு குறுகிய பக்கங்களிலும் நிற்கும் வயர்களாகத்தான் இருக்கும்.

வெட்டுமுன் ஒரு சோதனைத் துண்டு பின்னிப் பாருங்கள். வயரில் 50 செ.மீ. அளந்து பேனாவால் கோடு போட்டு, உங்கள் வழக்கமான இறுக்கத்தில் சாதா முடிச்சு போட்டுக்கொண்டே வாருங்கள். கோடு வரும்போது 15 முடிச்சு ஆகியிருந்தால், ஒரு முடிச்சுக்குச் சுமார் 3.3 செ.மீ. செலவு. நிற்கும் வயருக்கும், பக்கச்சுவரைச் சுற்றி வரும் ஓட்டு வயருக்கும் இதைத் தனித்தனியே பார்ப்பது நல்லது. ஒருவர் கை இறுக்கம் இன்னொருவருக்கு வராது. அதனால் பக்கத்து வீட்டு அளவைக் கடன் வாங்காதீர்கள்.

இப்போது கணக்கு. அடி 25 முடிச்சு நீளம், 9 முடிச்சு அகலம், உயரம் 20 வரிசை என்று வைத்துக்கொள்வோம். குறுக்கு வயர் ஒன்றுக்கு 20+9+20, ஆக 49 முடிச்சு. அதாவது 163 செ.மீ. விளிம்பு மடக்க இரு முனையிலும் 15 செ.மீ. சேர்த்தால் 193, வெட்டுவது 195. இப்படி 25 வயர் வேண்டும். நெடுக்கு வயருக்கு 20+25+20, ஆக 65 முடிச்சு. விளிம்பு சேர்த்து 250 செ.மீ. வெட்டுங்கள், இது 9 வயர். சுற்றி வரும் ஓட்டு வயர் ஒரு வரிசைக்கு 68 முடிச்சு, முனை செருகும் அளவையும் சேர்த்து இரண்டரை மீட்டர். 20 வரிசைக்கு 50 மீட்டர். மொத்தம் 121 மீட்டரை ஒட்டி வருகிறது. கைப்பிடி தனி. வாங்கிய வயர்க் கட்டின் மேல் எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்காவிட்டால், 10 மீட்டரை அளந்து நிறுத்து, முழுக் கட்டின் எடையோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

சாய்வுக்கு வருவோம். ஒவ்வொரு வரிசையையும் ஒரே மூலையில் தொடங்கி அதே மூலையில் முடித்திருப்பீர்கள். ஓட்டு வயர் முனைகள் எல்லாம் அங்கேயே செருகப்பட்டு அந்தப் பக்கம் தடித்துத் தூக்கிக்கொள்ளும். ஒரு வரிசையை இந்தப் பக்கம் தொடங்கினால் அடுத்ததை எதிர்ப்பக்கம் தொடங்குங்கள். முனைகளை உள்பக்கமாக மூன்று நான்கு முடிச்சுக்குள் செருகிய பிறகே நறுக்குங்கள். முடிச்சை இறுக்கும்போது நான்கு திசையிலும் சம அளவு இழுக்க வேண்டும். வலக்கைக்காரர்கள் அறியாமலே வலப்பக்கம் கூடுதலாக இழுப்பார்கள். மூன்று வரிசைக்கு ஒருமுறை கூடையை மேஜையில் நிறுத்தி, நான்கு மூலையிலும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அரை செ.மீ. வித்தியாசம் இருந்தால் அங்கேயே அவிழ்ப்பது மேல்.

முடிந்துபோன கூடைக்கு ஒரு சின்ன வைத்தியம் உண்டு. கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் கால் மணி நேரம் முக்கி, உள்ளே சரியான அளவு அட்டைப் பெட்டியைத் திணித்து ஆறவிடுங்கள். வயர் இளகி ஓரளவு நிமிரும். முழுக்க நிமிராது. கைப்பிடியின் உள் வயரை விளிம்பில் மட்டும் மாட்டாமல், பக்கச்சுவர் முடிச்சுகளுக்குள் அடிவரை இறக்கினால்தான் தேங்காய், காய்கறி என்று கனம் ஏறும்போது விளிம்பு கிழியாது.

பழைய பேப்பரும் வெந்தயமும் அரைத்துக் கிண்ணம் செய்தேன். காய்ந்ததும் நடுவில் பிளந்துவிட்டது. இரண்டாவது முறை பூசணம்.
– வாசகி, கும்பகோணம்

பேப்பர் கூழ் காயும்போது சுருங்கும். உள்ளே அச்சாக இருக்கும் எவர்சில்வர் பாத்திரம் சுருங்காது. கூழ் அதை இறுக்கிப் பிடித்து, வேறு வழியில்லாமல் பிளக்கிறது. கை வைத்தால் பள்ளம் விழாத அளவுக்குப் பாதி காய்ந்ததுமே அச்சிலிருந்து கழற்றிவிடுவதுதான் சரி. அதற்காகத்தான் அச்சுப் பாத்திரத்தைக் கவிழ்த்து, மேலே ஈரத்துணியோ பிளாஸ்டிக் உறையோ போர்த்துவது. வாய் அகன்று அடி சிறுத்த பாத்திரமாக எடுங்கள். வாய் குறுகிய சொம்பில் அப்பினால் கழற்றவே முடியாது.

அளவு: அரை கிலோ நாளிதழுக்கு 100 கிராம் வெந்தயம். வழவழப்பான வாரப் பத்திரிகைத் தாள் வேண்டாம், லேசில் கூழாகாது. தாளைக் கிழித்து மூன்று நாள் ஊறவையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். வெந்தயத்தை அரைப்பதற்கு முந்தைய இரவே தனியாக ஊறவைத்து, வழுவழுப்பு வரும்வரை முதலில் அதை அரையுங்கள். பசையாகப் பிடித்துக்கொள்வது அந்த வழுவழுப்புதான். பிறகு தாளைப் பிழிந்து சேர்த்து அரைக்க வேண்டும். மிக்ஸியில் அரைப்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக, தாராளமாகத் தண்ணீர் விட்டு அரைத்து, பிறகு துணியில் பிழிந்துகொள்ளுங்கள். கெட்டியாகப் போட்டால் மோட்டார் புகைந்துவிடும். அப்பும் கனம் அரை செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. கனம் வேண்டுமென்றால் ஒரு பூச்சு காய்ந்த பிறகு, அதை லேசாக ஈரப்படுத்திக்கொண்டு அடுத்தது.

பூசணத்துக்குக் காரணம் மெதுவாகக் காய்வது. அதற்காக எடுத்த எடுப்பில் உச்சி வெயிலிலும் வைக்க முடியாது. மேல்தோல் மட்டும் காய்ந்து விரிசல் விடும். முதல் நாள் நிழலில் காற்றாட, மறுநாள் முதல் வெயிலில். மழைக்காலத்தில் வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில், கம்பி வலைமேல் கவிழ்த்து வையுங்கள். தரையில் வைத்தால் அடியில் காற்றுப் போகாது. அரைக்கும்போது இரண்டு ஸ்பூன் மஞ்சள்தூள் சேர்ப்பது உதவும், ஆனால் காற்றோட்டத்துக்கு அது ஈடாகாது. காய்ந்துவிட்டதா என்று தடவிப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். சமையலறைத் தராசில் இன்று காலையும் நாளைக் காலையும் நிறுத்துப் பாருங்கள். எடை ஒன்றாக இருந்தால் காய்ந்துவிட்டது. குறைந்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பெயின்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம்.

அச்சு மை கலந்த தாள் என்பதால் இதில் முறுக்கு, சீடை போட்டு வைக்கச் சொல்ல மாட்டோம். சாவி, நூல்கண்டு, வளையல் போட்டுக்கொள்ளலாம்.

டெரகோட்டா ஜிமிக்கி சுடும்போது வெடிக்கிறது. மண்ணில் காற்றுக்குமிழ் இருந்தால் வெடிக்கும் என்கிறார்கள். நன்றாகப் பிசைந்தும் இப்படித்தான்.
– வாசகர், மதுரை

குமிழைக் குற்றம் சொல்வது பழைய வழக்கம். உண்மையான குற்றவாளி மண்ணுக்குள் மிச்சமிருக்கும் தண்ணீர். 100 டிகிரியைத் தாண்டியதும் அது ஆவியாகிப் பல மடங்கு விரிகிறது. வெளியேற வழி கிடைக்காவிட்டால் மண்ணை உடைத்துக்கொண்டு வரும். குமிழ் இருந்தாலும் மண் எலும்பாகக் காய்ந்திருந்தால் வெடிக்காது. ஆனாலும் பிசைவதை விட்டுவிடாதீர்கள்; குமிழ் உள்ள இடத்தில் நகை பலமிழந்து பின்னால் உடையும்.

ஜிமிக்கியை நிழலில் குறைந்தது ஐந்து நாள், மழை நாளில் ஒரு வாரத்துக்கு மேலும் காயவிடுங்கள். கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறது. குடையை உள்ளே குடைந்து, சுவர் 3 மி.மீ. அளவில் சீராக இருக்கட்டும். ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருந்தால் வெவ்வேறு வேகத்தில் சுருங்கி விரியும். காயும்போதும் சுடும்போதுமாகச் சேர்த்து அளவு பத்தில் ஒரு பங்குவரை சுருங்கலாம். கொக்கி மாட்டும் துளையை அதற்குத் தக்கபடி பெரிதாகக் குத்துங்கள். சுட்ட பிறகு துளையைப் பெரிதாக்கப் போனால் கதை முடிந்தது.

சுடும் முறை: மண்சட்டியின் அடியில் இரண்டு விரல் கனம் உமி, மேலே ஒன்றையொன்று தொடாமல் நகைகள், மறுபடி உமி. இப்படி நிரப்பி, சட்டியைச் சுற்றி வரட்டி அடுக்கித் திறந்த வெளியில் மூட்டம் போடுங்கள். முதல் ஒரு மணி நேரம் கனல் எட்டியே இருக்கட்டும். அந்த நேரத்தில்தான் மிச்ச ஈரம் போகும். பிறகு தீ ஏறலாம். எரிந்து அடங்கியதும் தோண்டி எடுக்கும் ஆசை வரும். விடியும்வரை விட்டுவிடுங்கள். சூட்டோடு வெளியே எடுத்தால் மயிரிழை விரிசல் விழும். உமிக்குள் காற்றுப் புகாத இடத்தில் இருந்தவை கறுப்பாகவும், காற்றுப் பட்டவை சிவப்பாகவும் வரும். இரண்டும் சரியான சூட்டில் வெந்தவைதான்.

வெந்ததா என்று பார்க்க ஒன்றை மட்டும் இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். வேகாத மண் குழைந்துவிடும். வெந்தது தட்டினால் ‘டிங்’ என்று சத்தம் கொடுக்கும். மண்ணுக்குச் சுமார் 600 டிகிரிக்கு மேல் வேண்டும். கேக் சுடும் ஓவன் 250 டிகிரியோடு நின்றுவிடுவதால் அதில் வைத்து எடுப்பது வெறும் காய்ந்த மண்தான்.

மணப்பாட்டிலிருந்து வாங்கி வந்த பனை ஓலைப் பெட்டியில் வெள்ளைப் பூசணம். தண்ணீரில் கழுவலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

முக்கிக் கழுவ வேண்டாம். வெளியே கொண்டுபோய் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். வீட்டுக்குள் தட்டினால் பக்கத்துப் பெட்டிக்கும் தொற்றும். பிறகு பாதி வினிகர், பாதி தண்ணீரில் துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து துடைத்து, இளவெயிலில் இரண்டு நாள். சாய ஓலை என்றால் முதலில் அடிப்பக்கத்தில் துடைத்துப் பாருங்கள், நிறம் இறங்கலாம். பூசணத்தின் மேலேயே வார்னிஷ் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதுதான். மூடியை இறுக்கி அலமாரியில் அடைத்து வைக்காதீர்கள். ஓலைக்குக் காற்று வேண்டும்.

ராமேஸ்வரம் போனபோது குழந்தைகள் சிப்பியும் பவளத் துண்டும் பொறுக்கி வந்தார்கள். அலங்காரத் தட்டு செய்யலாம் என்று பார்த்தால் நாறுகிறது.
– வாசகர், ஈரோடு

நாற்றம் என்றால் உள்ளே சதை இருக்கிறது. கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு, கொண்டை ஊசியால் சுழற்றி இழுங்கள். வராததைக் குப்பை மண்ணில் இரண்டு மூன்று வாரம் புதைத்து வைத்தால் எறும்பும் புழுவும் காலி செய்துவிடும். பிறகு சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ். வினிகர், எலுமிச்சை, டாய்லெட் கிளீனர் எதுவும் கூடாது. சிப்பி சுண்ணாம்பால் ஆனது. அமிலம் பட்டால் பளபளப்பு அரித்துப்போகும். காய்ந்ததும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் நிறம் திரும்பும். ஆனால் ஒட்ட வேண்டிய பக்கத்தில் எண்ணெய் படக்கூடாது, பசை பிடிக்காது.

பவளத் துண்டைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். கடினப் பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. செத்து வெளுத்து ஒதுங்கிய துண்டு என்றாலும் எடுத்து வரக்கூடாது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகள் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கே சிப்பியைக்கூடத் தொடாமல் வருவதே முறை. மற்ற கரைகளில் பொறுக்கும்போது உள்ளே உயிர் இருக்கிறதா, துறவி நண்டு குடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். கூம்பு வடிவச் சங்குகளில் உயிருள்ளவை விஷ ஊசியால் குத்தும். குழந்தைகள் கையில் எடுத்துப் பையில் போடுவதற்கு முன் பெரியவர்கள் பார்த்தாக வேண்டிய சங்கு அது.

பருத்தித் துப்பட்டாவில் ஃபேப்ரிக் பெயின்ட் அடித்தேன். முதல் சலவையிலேயே உதிர்ந்துவிட்டது.
– வாசகி, திருச்சி

புதுத் துணியில் கஞ்சி இருந்திருக்கும். அடிப்பதற்கு முன் அலசிக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். கம்ஃபர்ட் போன்ற மென்மையாக்கி வேண்டாம். அடித்து 24 மணி நேரம் கழித்து, மேலே ஒரு பழைய துணி விரித்து, ஓவியத்தின் பின்பக்கத்தில் பருத்திச் சூட்டில் ஆவி இல்லாமல் மூன்று நான்கு நிமிடம் இஸ்திரி. முதல் சலவை மூன்று நாள் கழித்து, குளிர்ந்த நீரில், உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி. பெயின்ட்டில் நிறையத் தண்ணீர் கலந்திருந்தாலும் உதிரும். இழுக்க வரவில்லை என்றால் தண்ணீருக்குப் பதில் அதற்கென்றே விற்கும் மீடியத்தைச் சேருங்கள்.