20ஆம் வார ஸ்கேனில் கார்பஸ் கலோசம் தெரியவில்லை: தானாக வளருமா?

சகோதரி, 20ஆம் வார அறிக்கையில் "கார்பஸ் கலோசம் தெளிவாகத் தெரியவில்லை" என்று இருப்பதால், மூன்று வாரம் பொறுத்தால் வளர்ந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கார்பஸ் கலோசம் என்பது மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்பிழைக் கட்டு. தெரியவில்லை வேறு, இல்லை வேறு. குழந்தையின் தலை கோணலாக இருந்தாலே தெரியாமல் போகும். ஆனால் உண்மையிலேயே உருவாகவில்லை என்றால் இனி உருவாகாது.

சுமார் 12, 13ஆம் வாரத்தில் மூளையின் இரு பாதிகளுக்கு நடுவே உள்ள பிளவின் ஒரு பகுதியை கிளியா செல்கள் (நரம்பு செல்களுக்குத் துணைநிற்கும் செல்கள்) இணைக்கின்றன. அந்த இணைப்பின் வழியாகத்தான் முதல் நரம்பிழைகள் மறுபக்கம் கடக்கின்றன. 20ஆம் வாரத்துக்குள் முழு வடிவம் வந்துவிடும். பிறகு நீளமும் தடிமனும்தான் கூடும். பிளவு இணையாவிட்டால் இழைகள் அழிந்துவிடுவதில்லை. கடக்க வழியின்றி அதே பக்கத்தில் முன்பின்னாக ஓடி, ப்ரோப்ஸ்ட் கட்டுகளாகத் திரள்கின்றன.

ஆகவே காத்திருக்காமல் கருவுக்கான நியூரோசோனோகிராம் (குழந்தையின் மூளையை விரிவாகப் பார்க்கும் ஸ்கேன்) கேளுங்கள். நடுக்கோட்டு நெடுவெட்டுப் படம் (மூளையை நடுவில் முன்பின்னாக வெட்டிப் பார்ப்பது போன்ற படம்) கட்டாயம் வேண்டும். தலை கீழே இருந்தால் யோனிவழி ஸ்கேனில் இன்னும் தெளிவாகத் தெரியும். கேவம் செப்டம் பெலூசிடம் (மூளையின் நடுவே முன்புறம் உள்ள, திரவம் நிறைந்த சிறு இடைவெளி) இருக்கிறதா, பக்க வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் திரவம் உள்ள அறை) அகலம் 10 மி.மீ. தாண்டுகிறதா, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் பெரிகலோசல் தமனி (கார்பஸ் கலோசத்தை ஒட்டிச் செல்லும் ரத்தக்குழாய்) வழக்கம்போல் வளைந்து போகிறதா என்று கேளுங்கள். இல்லை என்று உறுதியானால் எம்ஆர்ஐ, பனிக்குட நீரில் மைக்ரோஅரே (குரோமோசோம்களில் விடுபட்ட, கூடுதலான பகுதிகளைத் தேடும் சோதனை). இதன் முடிவு வரவே இரண்டு வாரம் ஆகலாம். வேறு கோளாறு எதுவும் இல்லாமல் இது மட்டும் என்றால், பெரும்பாலான குழந்தைகள் இயல்பாகவே வளர்கிறார்கள்.