தட்டில் வைத்தால் அடி பருக்காது

சுவரிடுக்கில் முளைத்த ஆலங்கன்றைப் போன்சாய் தட்டில் நட்டு ஒரு வருடம் ஆகிறது. அடிமரம் இன்னும் பென்சில் கனம்தான். உரம் போதவில்லையா? – வாசகர், திருச்சி

உரமல்ல, இடம் போதவில்லை. பருத்த மரத்தை அந்த அளவிலேயே நிறுத்தி வைக்கத்தான் தட்டு. வேர் ஓடி, கிளை நீண்டு, இலை பெருகினால்தான் அடி பருக்கும். கன்றை 12 அங்குலத் தொட்டிக்கோ தரைக்கோ மாற்றி, இரண்டு மூன்று வருடம் விடுங்கள். தரையில் நட்டால் வேருக்கு அடியில் ஓட்டுத்துண்டு ஒன்று வையுங்கள். வேர் பக்கவாட்டில் பரவும். அடிக்கிளை ஒன்றைக் கிள்ளாமல் நாலைந்து அடி ஓடவிட்டால் அதற்குக் கீழ்ப்பகுதி சீக்கிரம் பருக்கும். பிறகு அதை வெட்டிவிடலாம். வெட்டிய இடத்தில் வடியும் பாலை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

அரசங்கன்று என்றால் யோசியுங்கள். அதன் இலை எளிதில் சிறுக்காது. முதல் மரத்துக்கு நர்சரிகளில் பைகஸ் என்று விற்கும் சிற்றிலை வகையே மேல்.

காலை மாலை தண்ணீர் ஊற்றியும் இலை மஞ்சளாகி உதிர்கிறதே? – வாசகி, மதுரை

‘ஊற்றியும்’ அல்ல, ஊற்றுவதால்தான். எந்தத் தொட்டியிலும் அடியில் கொஞ்ச உயரத்துக்கு நீர் வடியாமல் தங்கும். ஆழமான தொட்டியில் அது பாதகமில்லை; இரண்டு அங்குலத் தட்டில் வேர் முழுக்க அதில்தான் ஊறும். செம்மண் கலவை என்றால் இன்னும் மோசம். செங்கலை உடைத்துச் சலித்து, 3 முதல் 5 மில்லிமீட்டர் துண்டுகள் மூன்று பங்கு, சலித்த ஆற்றுமணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு சேருங்கள். செங்கல் தூளை வெளியே கொட்டிவிடுங்கள், அது துளையை அடைக்கும். ஈர்க்குச்சியை ஓர் அங்குலம் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். ஈரமாக வந்தால் அன்று தண்ணீர் வேண்டாம்.

வளைப்பதற்காகக் கிளையில் சுற்றிய கம்பி பதிந்து தழும்பு விழுந்துவிட்டது. – வாசகர், சேலம்

மழைக்காலத்தில் கிளை வேகமாகப் பருக்கும். வாரம் ஒருமுறை பாருங்கள். அலுமினியக் கம்பியைத் திருகிக் கழற்றாமல் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். தழும்பு மறைய வருடக்கணக்காகும்.

போன்சாய் பக்கத்தில் வைக்கும் சிறுசெடிக்கு நம்மூரில் என்ன வளர்க்கலாம்? – வாசகி, கோவை

ஜப்பானில் ஷிதகுசா என்று வயல்புல், காட்டுச்செடிகளையே இதற்கு வளர்க்கிறார்கள். நமக்கு வல்லாரை, குட்டைக் கோரை, சிறு பெரணி இருக்கின்றன. உயரம் மரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் கிள்ளுங்கள். கையகல மண்கிண்ணம் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் கோடையில் ஈரமணல் பரப்பிய தாம்பாளத்தில் வையுங்கள். புளியாரை அழகுதான், ஆனால் அதன் காய் வெடித்து விதை தெறிக்கும். மரத்தட்டில் புகுந்தால் பிடுங்கி மாளாது.