ஆசிரியர் பதில்கள்: மகள் சொன்ன அந்த ஒரு வார்த்தை

கேள்வி: டிவியில் ஓரினத் திருமணம் பற்றி விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்றேன். என் மகள், "அப்பா, நீங்க ஒரு பிகட்" என்று சொல்லிவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள். கல்யாணம் என்பது வம்சம் தழைக்க ஏற்பட்டது. நம் பண்பாட்டில் இதற்கு இடமில்லை. சாஸ்திரமும் ஒப்பாது. யாரையும் நான் வெறுக்கவில்லை. அவர்கள் எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும், என் கண்ணில் படாமல் இருந்தால் சரி. ஒரு கருத்து வைத்திருப்பதே குற்றமா? (தயவுசெய்து பெயரைப் போட வேண்டாம்.)
வாசகர், செம்பூர், மும்பை

பதில்: குற்றமில்லை சார். சாப்பாட்டை விட்டு எழுந்து போனதுதான் தப்பு.

முதலில் அந்த வார்த்தையைப் பார்த்துவிடுவோம். 'பிகட்' (bigot) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம்மிடம் கச்சிதமான சொல் இல்லை. மதவெறியர் என்றால் பேச்சு கோயில், மசூதிப் பக்கம் போய்விடுகிறது. துவேஷி என்றால் கையில் கல்லோடு நிற்கிற ஆள் மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடித்த சொல் காழ்ப்பு. காழ் என்றால் மரத்தின் நடுவில் இறுகிப்போன வைரம். கருத்து எல்லோரிடமும் இருக்கிறது. அது வைரம் பாய்ந்து, இனி எந்த உளியும் இறங்காது என்று ஆகிவிட்டால் காழ்ப்பு. இது என் சொந்த வியாக்கியானம், புலவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

இந்த அளவுகோலை வைத்தால், எதிர்க்கிறவர்கள் எல்லோரையும் உங்கள் மகள் ஒரே கோணியில் போட முடியாது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளும், திருமணம் செய்துகொள்ளும் உரிமை என்று ஓர் அடிப்படை உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை, ஓரினத் திருமணத்தை அங்கீகரிப்பதைப் பாராளுமன்றம்தான் செய்ய வேண்டும் என்றார்கள். கல்யாணம் என்ற பெயர் இல்லாவிட்டாலும் சேர்ந்து வாழ்வதற்காவது ஒரு சட்ட அந்தஸ்து கொடுக்கலாம் என்று சந்திரசூட்டும் கௌலும் சொல்ல, ரவீந்திர பட், ஹிமா கோலி, நரசிம்மா மூவரும் அதையும் மறுத்தார்கள். மறுசீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. அந்தத் தீர்ப்பு எனக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் அந்த மூவரைக் காழ்ப்பாளர்கள் என்று நான் எழுத மாட்டேன். நம் சட்டங்கள் 'கணவன்', 'மனைவி' என்ற இரண்டு சொற்களின் மேல் கட்டப்பட்டவை. ஜீவனாம்சம், விவாகரத்து, வாரிசுரிமை என்று எதைத் தொட்டாலும் வீட்டில் பாதிச் சுவரை இடித்துக் கட்ட வேண்டியிருக்கும். மதச் சடங்கு இல்லாமல் பதிவாளர் முன் செய்துகொள்ளும் கல்யாணத்துக்கான சிறப்புத் திருமணச் சட்டத்தில் ஆணுக்கு 21 வயது, பெண்ணுக்கு 18. இதை வைத்துக்கொண்டு நீங்கள் எதிர்த்திருந்தால், மாட்டுங்காவில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து சாயங்காலம் வரை பேசியிருக்கலாம்.

புரியவில்லை என்பதும் காழ்ப்பில் சேராது. 2021-ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள், பெற்றோருக்குப் பயந்து சென்னைக்கு ஓடி வந்து உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்பைப் பற்றித் தனக்கே இன்னும் முழுசாகப் புரியவில்லை என்று உத்தரவிலேயே எழுதினார். அப்புறம் ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். அதற்குப் பிறகுதான், 'மாற்றுகிறோம்' என்று சொல்லி நடத்தும் சிகிச்சைகளைத் தடுக்க வேண்டும் என்பது உட்பட வழிகாட்டு நெறிகள் கொடுத்தார். கறுப்பு அங்கி போட்டவர் எனக்குத் தெரியாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார் சார். நம் வீடுகளில் எந்த அப்பா அதைச் சொல்கிறார்?

சரி, உங்கள் காரணங்களுக்கு வருவோம். வம்சம்: எழுபது வயதில் மறுமணம் செய்துகொள்கிறவரிடம் எந்தப் பதிவாளரும் பிள்ளை பெறுவீர்களா என்று கேட்பதில்லை. இது நிற்காது. சாஸ்திரம்: உங்கள் பூஜை அறைக்குள் யாரும் வரவில்லை. வழக்கில் கேட்கப்பட்டது 1954-ம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் ஓர் இடம். அதில் அக்னியும் இல்லை, ஐயரும் இல்லை.

பண்பாடு என்கிறீர்களே, அங்கேதான் நான் கொஞ்சம் உட்கார வேண்டியிருக்கிறது.

என் அம்மாவைக் கட்டிக்கொண்டவர் அவளுடைய சொந்தத் தாய்மாமன். அதாவது என் அப்பா, என் பாட்டிக்குத் தம்பி. சயான் கோலிவாடாவில் நாங்கள் இருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு பஞ்சாபி அம்மாள். ஒருநாள் பேச்சுவாக்கில் அம்மா இதைச் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் கையில் ராஜ்மா எடுத்து வந்த கிண்ணம். அதைத் திண்ணையில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "மாமா, பாஞ்சியா?" (மாமனும் அக்கா மகளுமா?) என்று இரண்டு தடவை கேட்டார். அவர்கள் ஊரில் அது அண்ணன் தங்கையைக் கட்டுவது மாதிரி. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்தது அருவருப்பு. அதற்கு வேறு பெயர் கிடையாது.

இந்து திருமணச் சட்டத்தை 1955-ல் எழுதியவர்களுக்கும் இது தெரியும். தாய்மாமன் அக்கா மகளைக் கட்டக்கூடாது, அத்தை மகன் மாமன் மகளும் கூடாது என்று விலக்கப்பட்ட உறவுப் பட்டியலில் சேர்த்தார்கள். சேர்த்துவிட்டு, 'வழக்கம் அனுமதித்தால் ஒழிய' என்று ஒரு சின்ன வாசகத்தையும் வைத்தார்கள். அந்த வாசகம் இல்லாவிட்டால் என் அப்பா அம்மா கல்யாணம் செல்லாது. நீங்களும் உங்கள் குடும்ப மரத்தை ஒருமுறை உலுக்கிப் பாருங்கள், என்ன விழுகிறது என்று. வட நாட்டில் பாதிப் பேர் முகம் சுளிக்கும் ஒரு வழக்கத்துக்குச் சட்டம் கதவைத் திறந்து வைத்தது, நாம் அதன் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு, அடுத்தவருக்குப் பண்பாட்டைக் காட்டுகிறோம். பஞ்சாபி அம்மாளின் அருவருப்பு அவர் வாயைப் பொத்திய கையோடு நின்றுவிட்டது. அப்புறம் இருபது வருஷம் எங்கள் வீட்டு ரசப்பொடிதான் அவர் வீட்டில்.

அதுவும் ஆண், பெண் கல்யாணம்தானே என்பீர்கள். ஆமாம். இதிலிருந்து ஓரினத் திருமணம் தானாக நியாயமாகிவிடாது. பண்பாடு என்ற ஒரு சொல்லைப் போட்டுப் பேச்சை முடிக்க முடியாது என்று மட்டும்தான் சொல்கிறேன். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. 1967-ல் அண்ணா சட்டத்தைத் திருத்தினார். இன்றைக்கு யார் அதைப் பண்பாட்டுக் கேடு என்கிறார்?

இனி உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி. "என் கண்ணில் படாமல் இருந்தால் சரி." மற்ற காரணங்களையெல்லாம் கருத்து என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த வரியில் உளி இறங்கவில்லை சார்.

மும்பைப் புறநகர் ஒன்றில் இரண்டு பெண்கள் பதினெட்டு வருஷமாக ஒன்றாக இருக்கிறார்கள். சொசைட்டியில் 'அக்கா தங்கை'. ஒரு முகம் திருநெல்வேலி, இன்னொரு முகம் ரத்னகிரி, இருந்தும் யாரும் கேட்டதில்லை. கண்ணில் படாமல் இருப்பது என்றால் இதுதான். ஒருநாள் ராத்திரி மூத்தவருக்குப் பித்தப்பை வலி, உடனே அறுவை சிகிச்சை என்றார்கள். ஃபாரத்தில் 'நோயாளிக்கு உறவு' என்று ஒரு கட்டம். இளையவர் 'தோழி' என்று எழுதினார். கவுண்டரில் இருந்தவர் அதன் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு, சொந்தக்காரர் யாராவது வேண்டும் என்றார். ஊரில் ஓர் அண்ணன். பதினாலு வருஷமாகப் பேச்சில்லை. விடிகாலையில்தான் போனை எடுத்தார், "பண்ணுங்க" என்றார், வைத்துவிட்டார். அந்த ஒரு சொல்லுக்கு இருந்த மதிப்பு, மாத்திரை வேளை முதல் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது வரை மனப்பாடமாக ஒப்பித்தவருக்கு இல்லை. ஃப்ளாட் மூத்தவர் பெயரில். நாமினி இளையவர், ஆனால் நாமினி வாரிசாகிவிட மாட்டார். உயில் எழுதி வைத்திருக்கிறார்கள், அண்ணன் கோர்ட்டுக்குப் போவாரோ என்ற பயத்தோடு. ஓரினத் துணைவர்கள் வங்கியில் கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளத் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய அரசு விளக்கம் கொடுத்தது. ஆஸ்பத்திரிக் கவுண்டரில் பாஸ்புக்கை நீட்ட முடியுமா?

அமெரிக்காவில் 2015-ல் ஓரினத் திருமணத்தை அனுமதித்த தீர்ப்பை எழுதிய நீதிபதி கென்னடி, எதிர்ப்பவர்களில் பலர் கண்ணியமான மத, தத்துவக் காரணங்களால் அந்த முடிவுக்கு வந்தவர்கள், அவர்களை இழிவுபடுத்தவில்லை என்றார். கூடவே, அந்தச் சொந்த எதிர்ப்பு சட்டமாக மாறினால் ஒதுக்கிவைப்பதற்கு அரசாங்கமே முத்திரை குத்தியதாகிவிடும் என்றும் எழுதினார். நானும் எல்லைக் கோட்டை ஏறக்குறைய அங்கேதான் போடுவேன். உங்களுக்குப் பிடிக்காதது உங்கள் வீட்டு விஷயம். அந்தப் பேனாக் கோடு உங்கள் வீட்டு விஷயமில்லை.

உங்கள் மகளுக்கும் ஒரு வார்த்தை. 2015 மே மாதம் நம் மும்பையில் ஓர் அம்மா, தன் மகனுக்கு மாப்பிள்ளை தேடி மிட்-டே பத்திரிகையில் வரன் விளம்பரம் கொடுத்தார். மகன், தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகப் பேசிவரும் ஹரிஷ் ஐயர். சில பெரிய பத்திரிகைகள் வாங்க மறுத்த விளம்பரம் அது. நாடே பேசியது. அதில் ஒரு வரி: ஜாதி தடையில்லை, ஐயர் என்றால் விசேஷம். அதற்கும் ஏகப்பட்ட சண்டை. எனக்கு அந்த அம்மாவின் மேல் மதிப்புத்தான் கூடியது. இந்தியாவில் யாரும் திறக்காத கதவைத் திறந்தவர், கூடவே பழைய திரைச்சீலையையும் மாட்டிவிட்டார். 'பிகட்' என்ற பட்டத்தை அவருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று உங்கள் மகளைக் கேளுங்கள். அவள் யோசிக்கும் நேரத்தில் நீங்கள் இருவரும் சாப்பாட்டை முடித்துவிடலாம்.

பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. அந்த இரண்டு பெண்களிடமும், எழுதலாமா என்று போனில் கேட்டேன். எழுதுங்கள், ஊரை மட்டும் மாற்றிவிடுங்கள் என்றார்கள். மாற்றியிருக்கிறேன்.