மதுபாலாவின் முகம் ஏன் அகலமாகத் தெரிகிறது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

போகிறபோக்கில் ஒரு கட்டுரையில், இந்தி சினிமாவின் மிகச்சிறந்த நகைச்சுவை நடிகைகளில் மதுபாலாவும் ஒருவர் என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பி டிவியில் 'முகல்-ஏ-ஆசம்' வண்ணப் பிரதியைப் பார்த்தேன். நகைச்சுவையைக் காணோம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் முகம் கொஞ்சம் அகலமாக, பூசி மெழுகிய பொம்மைபோல இருந்தது. கல்லூரியில் படிக்கும் என் மகளோ அவர் படத்தைத்தான் செல்போன் முகப்பில் வைத்திருக்கிறாள். 36 வயதில் இறந்துவிட்டதால் யாரும் அவரைக் கிழவியாகப் பார்க்கவில்லை, மயக்கம் அதனால்தான் என்று எனக்குப் படுகிறது. சரிதானா?

கே., திருநெல்வேலி

அன்புள்ள கே.,

முதலில் உங்கள் டிவியைச் சரிசெய்துவிடலாம். அக்காலப் படங்களின் அகல உயர விகிதம் ஏறக்குறைய 4:3. இன்றைய டிவி 16:9. திரை முழுக்க நிரம்பட்டும் என்று படத்தை இழுத்தால் எல்லா முகமும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். நீங்கள் பார்த்ததில் பாதி அந்த இழுபட்ட முகம்தான். ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 என்று மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். 'ஜூம்' வேண்டாம், அது மேலும் கீழுமாகக் காற்பங்கை வெட்டிவிடும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, படத்தில் வட்டமான ஏதாவது வரும்வரை காத்திருங்கள். கார்ச் சக்கரம் முட்டை வடிவில் தெரிந்தால் இன்னும் இழுபட்டிருக்கிறது என்று பொருள். அப்படியே அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். விநாடிக்கு 24 சட்டகங்களில் எடுத்த படத்துக்கு நடுவே டிவி தானாகப் புதுச் சட்டகங்களைச் செருகும்போது, இளவரசன் சலீம், மதுபாலா நடிக்கும் அனார்கலியின் முகத்தை இறகால் வருடும் காட்சிகூட மெகா சீரியல் மாதிரி ஆகிவிடுகிறது.

பொம்மைத்தனத்துக்குக் காரணம் வேறு. கறுப்பு வெள்ளையில் ஒளிப்பதிவாளருக்குக் கையில் இருப்பது வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் மட்டும்தான். அந்த இறகுக் காட்சியில் ஒளிப்பதிவாளர் ஆர்.டி. மாத்தூர் செய்திருப்பதைக் கவனியுங்கள். நெற்றியிலும் கன்னத்தின் மேட்டிலும் வெளிச்சம், தாடைக்குக் கீழே படிப்படியாக இருட்டு, பின்னணி இன்னும் இருட்டு. முகத்தின் வடிவம் முழுக்க அந்தச் சாம்பல் படிகளில் இருக்கிறது. 2004-இல் கணினியில் வண்ணம் ஏற்றியபோது, தோல் முழுக்க ஏறக்குறைய ஒரே நிறம் வந்து உட்கார்ந்துகொண்டது. நிழல் நிழலாக இல்லாமல் அழுக்காகத் தெரிகிறது. கூடவே சிவப்புத் திரையும் பச்சை முக்காடும் கண்ணை இழுக்கின்றன. இயக்குநர் கே. ஆசிப் முகத்தைப் பார் என்று சொன்ன இடத்தில் நாம் துணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இளவயது மரணம் பற்றிச் சொன்னீர்கள். அது காரணமென்றால் கீதா பாலிக்கும் இன்று சுவரொட்டி இருக்க வேண்டும். அருமையான நடிகை, நகைச்சுவையில் யாருக்கும் சளைத்தவரல்ல, 1965-இல் பெரியம்மையில் போனபோது 35 வயதுகூட நிரம்பவில்லை. உங்கள் மகளிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். மதுபாலாவுக்குப் பிறவியிலேயே இதயத்தின் கீழறைச் சுவரில் ஓட்டை. எஸ்.எஸ். வாசனின் 'பஹுத் தின் ஹுவே' (1954) படத்துக்காகச் சென்னையில் நடித்துக்கொண்டிருந்தபோது ரத்த வாந்தி எடுத்தார். இன்று நாம் பேசுகிற படங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு வந்தவை. அந்தத் தகவல் தெரியாமல் பார்த்தாலும் அவை நிற்கும் என்பதுதான் என் கட்சி.

ஏனென்றால் அவர் தன் அழகைப் பத்திரப்படுத்தவில்லை. கவர்ச்சி நாயகிகள் பொதுவாக முகம் கலையாமல் பார்த்துக்கொள்வார்கள். இவர் கலைய விடுகிறார். 'சல்தி கா நாம் காடி'யில் (1958) மழையில் தொப்பலாக நனைந்து, நின்றுபோன காரோடு இரவில் கிஷோர் குமாரின் பட்டறைக்கு வருவார். கிஷோர் பாட ஆரம்பிப்பார். பாட்டில் மதுபாலாவுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. கிஷோரை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள்: எரிச்சல், 'இவன் என்ன லூசா' என்ற பார்வை, வரும் சிரிப்பை மென்று விழுங்குவது, ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாக ஏறும் அந்த உதடு. கடைசியில் கிஷோர் கூலியை வாங்க மறந்துபோவார். அந்த ஐந்து ரூபாய் பன்னிரண்டு அணாவை வைத்தே தனியாக ஒரு பாட்டு இருக்கிறது. செல்போனில் இருக்கும் அசையாப் படத்தில் இதில் கால்வாசிகூட வராது. மகளிடம் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டாள். (ஃபிலிம்பேர் விருது ஒருமுறைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 'முகல்-ஏ-ஆசம்' போட்டியிட்ட ஆண்டில் பீனா ராய் வாங்கிப்போனார். எனக்கு இன்னும் ஆறவில்லை.)

பார்க்கும் வரிசை கேட்டால், அந்தப் பட்டறைப் படத்திலிருந்து தொடங்குங்கள். அடுத்து குரு தத்தின் 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் 55'. வி.கே. மூர்த்தியின் ஒளிப்பதிவு, பணக்கார வீட்டு அசட்டுப் பெண் வேடம். பிறகு 'மஹல்' (1949). அப்போது அவருக்கு வயது 16தான். ஒளிப்பதிவாளர் ஜோசப் விர்ஷிங் அவரை இருட்டில் ஒளித்து ஒளித்துக் காட்டியிருப்பார். 'முகல்-ஏ-ஆசம்' கடைசியில் போதும். 1961-இல் இதைத் தமிழில் 'அக்பர்' என்று மாற்றி வெளியிட்டார்கள், ஓடவில்லை, இந்தியிலேயே பாருங்கள். நீளத்தைப் பார்த்து எடுங்கள்: 197 நிமிடம் என்றால் அசல், 177 என்றால் வண்ணம் ஏற்றியது. அசலில் கண்ணாடி மாளிகைப் பாட்டு திடீரென்று வண்ணத்தில் வந்தால் தவறான பிரதியோ என்று நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பாட்டையும் கடைசி ரீல்களையும் ஆசிப் அன்றைக்கே டெக்னிகலர் என்ற வண்ண முறையில் எடுத்தார்.