எட்டுப் பேரின் வாசிப்பு ஓர் இலக்கிய மையமாக வளர

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் எட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடித் தமிழ் நூல்களைப் படித்துப் பேசி வருகிறோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம்மிடமுள்ள 600 நூல்களைத் தர முன்வந்துள்ளார். இதை வாசிப்போருக்கும் எழுதுவோருக்கும் பொதுவான மையமாக வளர்க்க விரும்புகிறோம். சங்கமாகப் பதிவு செய்வதா, நூலகமாக இணைப்பதா? எழுத்துப் பயிற்சியை எப்படித் தொடங்குவது?

பதில்: பதிவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் அடங்கிய சித்தூர்ப் பகுதி முன்பு கொச்சி அரசைச் சேர்ந்ததாகையால், கொழிஞ்சாம்பாறையில் அமையும் சங்கத்துக்கு 1955ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி இலக்கிய, அறிவியல், அறநிலையச் சங்கங்கள் பதிவுச் சட்டமே பொருந்தும். பழைய மலபாரைச் சேர்ந்த பாலக்காட்டுக்கோ கொல்லங்கோட்டுக்கோ 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம் பொருந்தும். ஆகவே பாலக்காட்டு நண்பர்களின் விதிமுறை நகலை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றி மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்துவிடாதீர்கள். இரு சட்டங்களும் கேட்பது குறைந்தது ஏழு பேர். உங்களிடம் எட்டுப் பேர் உண்டு. நூலகம் நடத்துதல், எழுத்துப் பயிற்சி அளித்தல், நூல் வெளியிடுதல் ஆகிய மூன்றையும் நோக்கங்களில் இப்போதே எழுதிவிடுங்கள்.

சங்கமா நூலகமா என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை. சங்கமாகப் பதிந்து, அதன் கீழ் நூலகத்தை நடத்தி, உரிய தகுதி வந்ததும் மாநில நூலகக் கவுன்சிலில் இணைவதே கேரளத்தில் நடந்துவரும் வழி. கேரள நூலக இயக்கத்தின் முன்னோடியான பி. என். பணிக்கரின் முயற்சியால் 1945இல் 47 கிராம நூலகங்களோடு தொடங்கிய கிரந்தசாலா (நூலக) சங்கத்தின் பணியே, 1989ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இந்தக் கவுன்சிலாகத் தொடர்கிறது. இணைந்த நூலகங்களைத் தரம் பிரித்து ஆண்டு மானியம் தருகிறார்கள். அந்தத் தரத்தை முடிவு செய்ய வருபவர்கள் முதலில் கேட்பது பதிவேடுகளைத்தான். எனவே ஆசிரியரின் 600 நூல்களை அலமாரியில் அடுக்குவதற்கு முன், ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் இட்டு, அதே எண்ணை இருப்புப் பதிவேட்டிலும் நூலின் உள்பக்கத்திலும் மையால் எழுதுங்கள். கரையான் அரித்தவற்றையும் காலாவதியான பாடநூல்களையும் அவரிடமே பணிவோடு திருப்பித் தந்துவிடலாம். நன்றிக்காக எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டால், நல்ல நூல்கள் அவற்றுக்கிடையே மறைந்துபோகும்.

உங்கள் பகுதிக்கே உரிய ஒன்று இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் மட்டும் படித்த இளையவர்கள் தமிழ்க் கதையைக் கேட்டு ரசிப்பார்கள். அந்தக் கதையை அச்சில் கொடுத்தால் எழுத்துக்கூட்டவே திணறுவார்கள். அலமாரி அவர்களுக்குப் பயன்படாது. உரக்க வாசித்துக் காட்டும் கூட்டம் பயன்படும். மாதம் ஒருமுறை என்பதை வாரம் ஒருமுறையாக்கி, மாறாத ஒரு நாளில், மாறாத ஒரு நேரத்தில், அரை மணி நேரம் ஒருவர் வாசிக்கட்டும். கையில் அதே பக்கத்தின் நகல் இருந்தால் கேட்பவரின் கண் தானாக வரியைத் தொடரும். வெளியான நூலிலிருந்து நியாயமான அளவு பகுதியைப் பொதுவில் வாசிக்க 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. முழு நூலையும் நகலெடுத்து விநியோகிப்பதை அந்தச் சலுகை காக்காது.

எழுத்துப் பயிற்சிக்குப் பெரிய எழுத்தாளரை அழைத்துத்தான் தொடங்க வேண்டும் என்று எண்ணாதீர்கள். ஓர் அமர்வுக்கு ஒரே ஒரு படைப்பு போதும். அதை ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். அமர்வில் எழுதியவர் பேசாமல் இருக்க, மற்றவர்கள் கதையில் என்ன நடந்தது என்பதைத் தங்கள் சொற்களில் முதலில் சொல்லட்டும். எழுதியவர் நினைத்ததற்கும் படித்தவர் புரிந்துகொண்டதற்கும் உள்ள இடைவெளி அங்கேயே வெளிப்பட்டுவிடும். நல்லது, கெட்டது என்ற தீர்ப்புகள் அதற்குப் பிறகு வரட்டும்.

எல்லைப்புறத்தில் நான் கலந்துகொண்ட ஓர் அமர்வை இங்கே சொல்ல வேண்டும். ஒரு பெண்மணி எழுதிய கதையில் பாட்டி, “இத்திரி வெள்ளம் தா மோளே” என்று கேட்கிறாள். மூத்த உறுப்பினர் ஒருவர் சிவப்பு மையால் அதை அடித்து, “கொஞ்சம் தண்ணீர் கொடு மகளே” என்று திருத்தினார். தமிழ் மீது அவருக்கிருந்த அன்பை நான் மதிக்கிறேன்; ஆனால் திருத்திய வரியில் அந்தப் பாட்டி இல்லை, அவள் இருந்த ஊரும் இல்லை. அந்தப் பெண்மணி அடுத்த அமர்வுக்கு வரவில்லை. பாத்திரங்களின் பேச்சில் கலந்துள்ள மலையாளச் சொற்களை எவரும் திருத்தக் கூடாது, கதைசொல்லும் நடையைப் பற்றி மட்டும் விவாதிக்கலாம் என்பதை உங்கள் மையத்தின் முதல் விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இரு மொழியும் காதில் விழும் ஊரில் மொழிபெயர்ப்பு இயல்பாகவே கைகூடும். தமிழ் நன்கு படித்தவர் ஒருவரும் மலையாளம் நன்கு படித்தவர் ஒருவரும் சேர்ந்து மாதம் ஒரு பக்கம் பெயர்க்கலாம். அதை அச்சிடும்போது மட்டும், ஆசிரியர் வாழ்ந்துகொண்டிருந்தாலோ, அவர் மறைந்து 60 ஆண்டு நிறையாவிட்டாலோ, உரிமையாளரிடம் எழுத்து வடிவில் அனுமதி பெற வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் உறுப்பினர்களின் படைப்புகளைத் தொகுத்து நூலாக்குங்கள். அதற்கு முன் அவசரம் வேண்டாம். நூலை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்ணான ஐ.எஸ்.பி.என்.னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது. நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமரா, மும்பை மத்திய நூலகம், தில்லிப் பொது நூலகம் ஆகியவற்றுக்கும் ஒவ்வொரு படி அனுப்புவது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளரின் கடமை. எழுதிய ஒவ்வொருவருக்கும் தரும் படிகளோடு இந்த நான்கையும் சேர்த்தே அச்சகத்தில் எண்ணிக்கை சொல்லுங்கள்.