குழந்தை தூங்கியும் தூங்காத தாய்

கேள்வி: என் மகளுக்கு முதல் பிரசவம், சிசேரியன். பெண் குழந்தை. ஏழு வாரம் ஆகிறது, என் வீட்டில்தான் இருக்கிறாள். குழந்தை நன்றாக இருக்கிறது, பாலுக்கும் குறையில்லை. ஆனால் இவள் எதற்கெடுத்தாலும் அழுகிறாள். அழாத நேரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். குழந்தை தூங்கினாலும் இவள் தூங்குவதில்லை. அதன் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள். போன வாரம் அரிவாள்மணையையும் கத்தியையும் பரணில் ஏற்றிவிட்டாள். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. வளைகாப்பு சமயத்திலேயே முகத்தில் களை இல்லை. சம்பந்தியம்மா குழந்தையைப் பார்க்க வந்தபோது, "அடுத்தது சிங்கக்குட்டியா பெத்துக் குடுத்துடு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அது தைத்துவிட்டதோ என்னவோ. நான் நாலு பெற்றவள், எனக்கு இப்படி எதுவும் இருந்ததில்லை. காத்து கருப்பு என்று மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. மூன்றாம் மாதம் புகுந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பலாமா? மாத்திரை கொடுத்தால் பால் கெட்டுவிடுமா?
- பெயர், ஊர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் அரிவாள்மணை பற்றிய வரியைத்தான் இரண்டு மூன்று முறை படித்தேன். மற்றவர்கள் அதைப் படித்தால் பயப்படுவார்கள். எனக்கு அதில் ஒரு தாயின் காவல்தான் தெரிகிறது.

பிரசவமான பெண்கள் பலருக்குக் கூப்பிடாமலே சில நினைப்புகள் வரும். 'குழந்தை கை தவறி விழுந்துவிட்டால்? இந்தக் கத்தி பட்டுவிட்டால்? என் கையே ஏதாவது செய்துவிட்டால்?' என்று. வந்த நினைப்பைக் கண்டு அவளே நடுங்கிப்போவாள். வெளியே சொன்னால் 'நீயெல்லாம் பெத்தவளா' என்பார்கள், பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று வாயைத் திறக்க மாட்டாள். கத்தியை ஒளித்து வைப்பாள், கிணற்றடிப் பக்கம் போக மாட்டாள், மொட்டை மாடி ஏற மாட்டாள். பதற்றமும் மனச்சோர்வும் சேரும்போது இது சாதாரணமாகக் காணப்படுவதுதான். தன் நினைப்பைத் தானே வெறுத்துப் பயப்படும் தாய் அதைச் செய்துவிடுவது மிக மிக அரிது.

உங்கள் மகளுக்கு இதுதானா என்று கடிதத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. நேரில் பார்க்க வேண்டும், அதுவும் இந்த வாரத்திலேயே. அதற்கு முன் நீங்கள் கேட்டுப்பாருங்கள். "ஏன்டி கத்தியை எடுத்து வச்சே" என்று அதட்டினால் பதில் வராது. ராத்திரி பால் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமான நினைப்பு வருதாம்மா? நிறையப் பேருக்கு வருமாம், டாக்டர் சொன்னார்" என்று என் தலையில் பழியைப் போட்டுக் கேளுங்கள். "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்பதையும் நேராகவே கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. 'ஆமாம்' என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, அதுவரை அவளைத் தனியாக விடக் கூடாது.

குழந்தை பிறந்த மூன்றாம் நாள், நாலாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் கண் கலங்குவது பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு உண்டு. பிரசவத்தோடு ஹார்மோன் சட்டென்று இறங்குவதும் தூக்கக் கேடும் சேர்ந்து செய்கிற வேலை அது. இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். உங்கள் மகளுக்கு ஏழு வாரமாகிவிட்டது. தூக்கம் இல்லை, ஓயாத அழுகை, எதிலும் பிடிப்பில்லை. இதைப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்போம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாதிரி இதுவும் நோய். திமிரோ செல்லமோ அல்ல.

வளைகாப்பில் களை இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே இது தொடங்கியிருக்கலாம். பிரசவத்துக்குப் பின் கண்டுபிடிக்கப்படும் மனச்சோர்வில் ஏறக்குறைய பாதி, கர்ப்பத்திலோ அதற்கும் முன்போ தொடங்கியதுதான். கை நிறைய வளையலும் நெற்றி நிறைய சந்தனமுமாக மனையில் உட்கார்ந்திருக்கும் பெண் பேசாமல் இருந்தால், வெட்கம் என்றோ அசதி என்றோ நாம் விட்டுவிடுகிறோம். மாதாமாதம் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் பார்க்கும் இடத்தில் "ராத்திரி தூக்கம் வருதா, மனசு எப்படி இருக்கு" என்று கேட்க ஒரு நிமிஷம் போதும். பல இடங்களில் கேட்பதில்லை. அது எங்கள் துறையின் குறை, உங்களுடையது அல்ல.

இப்படிக் கேட்பதற்கென்றே பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. 1987-ல் ஸ்காட்லாந்தில் உருவாக்கிய எடின்பரோ அளவுகோல். 'கடந்த ஏழு நாளில் உங்களால் சிரிக்க முடிந்ததா', 'காரணமில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொண்டீர்களா' என்று போகும். தமிழிலும் இருக்கிறது. 30 மதிப்பெண், வழக்கமாக 13 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பரிசோதிப்போம். பத்தாவது கேள்வி தன்னையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதற்கு 'ஆம்' வந்தால் விட மாட்டோம்.

சம்பந்தியம்மாவின் பேச்சுக்கு வருகிறேன். வேலூருக்குப் பக்கத்தில் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பிரசவம் தாண்டியும் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2002-ல் வெளிவந்தது. அதில் 11 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் என்று பார்த்தால், வருமானம் குறைந்தவர்கள், ஆண் குழந்தையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தவர்கள், மாமியாரோடும் பெற்றோரோடும் சுமுகமில்லாதவர்கள், கூடமாட உதவிக்கு ஆளில்லாதவர்கள். பெற்றோரும் அந்தப் பட்டியலில் உண்டு என்பதைக் கவனியுங்கள் அம்மா. "நான் நாலு பெத்தேன்" என்பதை மகளிடம் இனி சொல்ல வேண்டாம். உங்களுக்கு வரவில்லை, சந்தோஷம். வந்தவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். 'பிள்ளை பெத்ததிலேருந்து ஒரு மாதிரி ஆயிட்டா' என்று தெருவில் யாரையாவது சொன்னது உங்களுக்கே ஞாபகம் வரும்.

ஜன்னி கண்டுவிட்டது என்று பெரியவர்கள் சொல்வது வேறு விஷயம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், மனம் அடியோடு தடுமாறும். காதில் குரல் கேட்கும், 'இது என் பிள்ளையே இல்லை, மாத்திட்டாங்க' என்பார்கள், நாள் கணக்கில் தூங்காமலே தெம்பாக நடமாடுவார்கள், ஆளையே குழப்புவார்கள். அவர்களுக்குப் பயங்கர நினைப்பு பயமாகத் தோன்றாது, உண்மையாகவே தோன்றும். உங்கள் மகளிடம் அப்படி ஏதாவது தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 108-க்குச் சொல்லுங்கள், குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். குழப்பத்தோடு காய்ச்சலோ வலிப்போ இருந்தால் அது உடம்பிலிருந்து வரும் ஆபத்து, அதற்கும் அதே அவசரம்தான்.

மாத்திரை பற்றி. ரத்தச் சோகையும் தைராய்டும் இதே போல் ஆளை முடக்கிப்போடும், அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை. லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு வழிச் சிகிச்சையே போதலாம். அதற்கு மேல் என்றால் மாத்திரை வேண்டியிருக்கும். செர்ட்ராலின் என்ற மருந்து தாய்ப்பாலில் மிகமிகக் குறைவாகவே கலக்கிறது. பால் கெடாது, நிறுத்தவும் வேண்டாம். குணம் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். அதற்குள் 'ஒண்ணும் கேக்கல' என்று நிறுத்திவிடுவதும், கேட்டவுடன் 'சரியாயிடுச்சு' என்று நிறுத்திவிடுவதும்தான் நான் அதிகம் பார்க்கும் தவறுகள். நன்றாக ஆன பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிவிடாதீர்கள். மயக்கத்தில் தாய் பிள்ளையோடு படுப்பது ஆபத்து.

கயிறு கட்டியதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, கையிலேயே இருக்கட்டும். பத்தியத்தைத்தான் கொஞ்சம் தளர்த்துங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள், கீரையைத் தள்ளாதீர்கள், ஆஸ்பத்திரியில் தந்த இரும்புச்சத்து மாத்திரை ஆறு மாதம் போக வேண்டும்.

எல்லாவற்றையும்விட அவளுக்குத் தூக்கம் வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்குப் பால் கொடுத்ததும் குழந்தை உங்கள் அறைக்கு வரட்டும். மாப்பிள்ளை வரும் நாளில் அவரிடம். தொடர்ந்து நாலைந்து மணி நேரம் அவள் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும். நடுவில் ஒரு வேளைக்குப் பிழிந்து வைத்த பால் போதும். அரிவாள்மணையை இப்போதைக்குக் கீழே இறக்க வேண்டாம், அதைப் பற்றிக் கேலியும் வேண்டாம்.

மூன்றாம் மாதம் அனுப்புவதைத் தள்ளிப்போடுங்கள். தாய்வீட்டுக் கவனிப்பு சட்டென்று நின்று, புது வீட்டுப் பொறுப்பு ஏறும் அந்த மாதத்தில்தான் பல பெண்கள் என்னிடம் வருகிறார்கள். 'நாள் நன்றாக இல்லை' என்று சாக்குச் சொல்லாமல், டாக்டர் சொன்னார் என்றே சம்பந்தி வீட்டாரிடம் சொல்லுங்கள். மாப்பிள்ளையை முதல் ஆலோசனைக்கே கூட்டி வாருங்கள். மறைத்து அனுப்பினால் அங்கே மாத்திரையையும் மறைத்துத்தான் போட வேண்டிவரும்.

பக்கத்தில் மனநல மருத்துவர் இல்லையென்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. நடு ராத்திரியானாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சிகிச்சை தர நேர்ந்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. பெங்களூர் நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கும் தனி வார்டே இருக்கிறது.

டாக்டரிடம் போகும்போது பிரசவ ஃபைலையும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையையும் தூக்கிக்கொண்டே போங்கள், காத்திருக்கும் நேரத்தில் பசிக்கும்.