நாட்டாமை நரி

கேள்வி: தென்னமெரிக்க நாட்டார் கதைகளை வைத்து மூன்று பாகமாக ஒரு மாயாஜால நாவல் எழுதுகிறேன். இன்கா, மாயா, அஸ்டெக் தெய்வங்கள் எல்லாரும் உண்டு. நாயகன் இரும்பு வாளோடு குதிரையில் ஆண்டிஸ் மலையேறி டிராகனைக் கொல்கிறான். முதல் பாகத்திலேயே நாலு போர். எடுபடுமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: முதலில் அந்த ஆளைக் குதிரையிலிருந்து இறக்குங்கள். 1532-இல் பிசாரோ என்ற ஸ்பானியத் தளபதியின் படை வரும்வரை, ஆண்டிஸ் மலையிலிருந்த இன்கா நாட்டில் குதிரையும் இல்லை, இரும்பும் இல்லை. ஒட்டக இனத்துச் சுமை விலங்கான லாமா உண்டு. ஆனால் அது சுமை கொஞ்சம் கூடினாலே படுத்துக்கொள்ளும்; உங்கள் நாயகனை எங்கே சுமப்பது! மாயாவும் அஸ்டெக்கும் மெக்சிகோ, குவாத்தமாலா பக்கம்; தென்னமெரிக்காவே இல்லை. அவர்களையும் அனுப்பிவிடுங்கள்.

சரி, டிராகன் எதற்கு? பெருவில் லிமாவுக்குக் கிழக்கே வாரோச்சிரி என்ற மலைப்பகுதி. அந்த ஊர்க் கதைகளை 1608 வாக்கில் அந்த மலைமக்களின் கெச்சுவா மொழியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத வைத்தவர், அந்தத் தெய்வங்களை ஒழிக்கக் கிளம்பிய ஆவிலா என்ற பாதிரியார் என்பதுதான் வேடிக்கை.

அதில் பரியாகாகா என்று ஒரு மலைத்தெய்வம். ஐந்து முட்டைகளில் ஐந்து வல்லூறுகளாகப் பிறந்து மனிதரானவர். மக்காச்சோளம் வாடுகிறதே என்று அழும் சூக்கி சூசோ என்ற பெண்ணைப் பார்த்ததும் மனசு போய்விடுகிறது. உடனே என்ன செய்கிறார்? வருகிற கொஞ்சநஞ்சத் தண்ணீரையும் தன் போர்வையால் அடைத்துவிட்டு, அப்புறம் போய்ப் பேரம் பேசுகிறார். அவள் லேசுப்பட்டவள் இல்லை. முதலில் தண்ணீர், பிறகு வாய்க்கால், மற்றதெல்லாம் அதற்கப்புறம் என்கிறாள்.

வாய்க்கால் வெட்டப் பூமா என்கிற மலைச்சிங்கம், நரி, பாம்பு, பறவைகள் எல்லாம் வருகின்றன. நான்தான் நாட்டாமை என்று நரி முன்னால் நின்று வழி போடுகிறது. பாதி மலையில் ஒரு பறவை படபடவென்று எழும்ப, நாட்டாமை அலறிக்கொண்டு சரிவில் உருண்டார். மிச்சத்தைப் பாம்பு முடித்தது. நரி விழாமல் இருந்திருந்தால் வாய்க்கால் இன்னும் மேலே ஓடியிருக்குமாம். கடைசியில் அவள் அந்த வாய்க்கால் தலைப்பிலேயே கல்லாக நின்றுவிடுகிறாள்.

காதல், வஞ்சகம், மாயம், சிரிப்பு எல்லாம் ஒரு வாய்க்காலுக்குள் இருக்கின்றன. தெய்வமே தண்ணீரை மறித்துப் பேரம் பேசுகிற ஊரில் டிராகனுக்கு என்ன வேலை? முதல் பாகத்தில் அந்த நாலு போரையும் தூக்கிவிட்டு, ஒரு வாய்க்காலை ஒழுங்காக வெட்டிக் காட்டுங்கள். கையெழுத்துப் பிரதியை அதன் பிறகு அனுப்பினால் போதும்.